பெரியவர்கள் சொல்லும் ஊர் வரலாறு: கம்ப்யூட்டரில் சேமிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்கிறார்கள்? பாட்டு, சினிமா, பிள்ளைகளின் ஸ்கூல் பிராஜக்ட், கொஞ்சம் இன்டர்நெட். அதன் பிறகு "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இந்தக் கட்டுரை.

நான் கோவையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். ஊர் வரலாறு, குடும்ப வரலாறு பற்றிய சொற்பொழிவுகளுக்கும் பயிலரங்குகளுக்கும் விடுமுறை நாட்களில் போவது வழக்கம். அங்கே ரெக்கார்டிங், ஸ்கேனிங் இரண்டும் பெரும்பாலும் என் வேலை. இந்தக் கூட்டங்களில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் எழுந்து நின்று எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்திகளைச் சொல்வார்கள். எல்லோரும் கை தட்டுவோம். டீ குடித்துவிட்டுக் கலைந்து விடுவோம். அடுத்த கூட்டத்திற்கு அவர்களில் ஒருவர் வராமல் போகலாம். அவர் சொன்னது யார் கம்ப்யூட்டரிலாவது முறையாகப் பதிவாகி இருந்தால் மட்டுமே மிஞ்சும். "முறையாக" என்ற சொல் இங்கே முக்கியம். யார் பேசியது, எங்கே, எப்போது என்று தெரியாத ஆடியோ பைல் பத்து ஆண்டு கழித்து யாருக்கும் பயன்படாது.

கொங்கு நாட்டில் வரலாற்றுக் கூட்டங்கள்

கோவைப் பகுதியில் இதற்கு நல்ல மரபு உண்டு. கோவைகிழார் என்று அறியப்பட்ட சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் வழக்கறிஞர். கொங்கு நாட்டின் வரலாற்றைத் தேடித் தொகுத்து எழுதினார். ஈரோட்டில் வாழ்ந்த புலவர் செ. இராசு (1938 - 2023) ஊர் ஊராகச் சென்று செப்பேடுகள், ஓலைகள், கல்வெட்டுகள் ஆகியவற்றைப் படித்துப் பதிப்பித்தார். அவர் பார்த்த ஆவணங்களில் பல, தனியார் வீடுகளில் பெட்டிக்குள் கிடந்தவை. கோவையில் வாணவராயர் அறக்கட்டளை வரலாற்றுச் சொற்பொழிவுகளை நடத்தியிருக்கிறது. யாக்கை மரபு அறக்கட்டளை கல்வெட்டு, நடுகல், பாறை ஓவியம் போன்றவற்றை ஆவணப்படுத்தும் பணியைச் செய்திருக்கிறது. 2001ல் தொடங்கப்பட்ட தமிழ் மரபு அறக்கட்டளை, வெளிநாட்டில் வாழும் தமிழர்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பு. பழைய நூல்களையும் ஓலைகளையும் மின்பதிப்பாக்குவது, பயிலரங்கு நடத்துவது அதன் பணிகள்.

இவற்றைத் தவிர நூலக வாசகர் வட்டம், பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், குடியிருப்போர் சங்கம் என்று சிறிய அளவில் நடக்கும் கூட்டங்களும் உண்டு. உங்களைப் போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் அதிகம் தேவைப்படுவது இந்தச் சிறிய கூட்டங்களில்தான். அங்கே பேச ஆள் இருப்பார்கள். பதிவு செய்யத்தான் ஆள் இருக்காது.

காங்கேயத்தில் சுற்றிய டேப்

ஒரு ரெக்கார்டிங் எவ்வளவு தூரம் போகும்? கொங்கு நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே உடுக்கடித்துப் பாடப்படும் பொன்னர் - சங்கர் கதையை, அதாவது அண்ணன்மார் சுவாமி கதையை, 1965ல் டேப்பில் பதிவு செய்தார். இரவு இரவாகப் பாடும் நெடுங்கதை அது. அந்தப் பதிவுகளின் அடிப்படையில் 1982ல் ஆங்கிலத்தில் ஆய்வு நூல் வந்தது. 1992ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையைத் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பாகங்களில் வெளியிட்டது. பிறகு அனிமேஷன் தொடராகவும் வந்தது.

பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் டேப்போடு சேர்ந்தே இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. அன்று அதற்குப் பெரிய டேப் ரெக்கார்டர் வேண்டும். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் மொபைல் போன் போதும். விவரம் எழுதும் பழக்கம் மட்டும் நாமாக ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

1. குரலைப் பதிவு செய்தல்

மொபைலிலேயே ரெக்கார்டர் இருக்கும். லேப்டாப்பில் செய்வதானால் விண்டோஸ் 11ல் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து 'சவுண்ட் ரெக்கார்டர்' என்று தேடவும். இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' சாப்ட்வேரும் நன்றாக இருக்கும்.

ரெக்கார்ட் செய்யும் முன் கீழே உள்ளவற்றைக் கவனிக்கவும்.

- போனை ஏரோபிளேன் மோடில் வைக்கவும். நடுவில் அழைப்பு வந்தால் ரெக்கார்டிங் நின்றுவிடலாம்.
- மின்விசிறியை நிறுத்தவும். நம் காது அந்தச் சத்தத்தை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது.
- போன் பேசுபவரிடம் இருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தூரத்தில் இருக்கட்டும். கீழே ஒரு துண்டை மடித்து வைத்தால் மேஜை அதிர்வு பதியாது.
- ஒரு நிமிடம் சோதனைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு ஆரம்பிக்கவும்.

இப்போது முக்கியமான விஷயம். ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் முதலில் உங்கள் குரலிலேயே தேதி, ஊர், பேசுபவர் பெயர், உங்கள் பெயர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பத்து விநாடி போதும். பைலின் பெயரை யாராவது மாற்றிவிட்டாலும், விவரம் ஆடியோவின் உள்ளேயே இருக்கும்.

எந்த பார்மட்டில் சேமிப்பது? வேவ் பார்மட்டில் சிடி தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 635 எம்பி ஆகும். ஒருவர் பேசுவதற்கு மோனோ போதும்; அதில் பாதிதான் இடம் பிடிக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 58 எம்பிக்குள் முடிந்துவிடும். ஒரிஜினலை வேவ் ஆக வைத்துக்கொண்டு, உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் மோனோ வேவ் பைல்கள் மூவாயிரம் மணி நேரம் வரை பிடிக்கும். இடம் பற்றிய கவலை வேண்டாம்.

2. பைலுக்குப் பெயர் வைத்தல்

"ரெக்கார்டிங் 14", "புதிய பைல் 3", "பாட்டி பைனல்" - இப்படிப் பெயர் வைத்தால் ஆறே மாதத்தில் உங்களுக்கே புரியாது. எப்போதும் ஒரே முறையில் பெயர் கொடுங்கள். உதாரணமாக:

2025-01-19_அவிநாசி_மில்வேலை_01

முதலில் ஆண்டு, பிறகு மாதம், தேதி. இப்படி வைத்தால் போல்டரில் பைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். அடுத்து ஊர், பொருள், கடைசியில் வரிசை எண். விண்டோஸில் பைலின் பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

அதே போல்டரில் ஓர் எக்செல் பைல் திறந்து வையுங்கள். பைல் பெயர், பேசியவர், வயது, ஊர், பேசிய பொருள், அனுமதி என்று ஆறு காலம் இருந்தால் போதும். ஒவ்வொரு கூட்டம் முடிந்த அன்று இரவே இதை நிரப்பிவிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் பாதி மறந்துவிடும்.

3. "வருசமெல்லாம் தெரியாதுங்க தம்பி"

பெரியவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள், நிகழ்ச்சியைத்தான் சொல்வார்கள். ஒரு பயிலரங்கில் ஒரு மூதாட்டியிடம் பிறந்த ஆண்டைக் கேட்டேன். "வருசமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க தம்பி. பவானிசாகர் அணைக்கட்டு வேலைக்கு எங்கய்யன் மண்ணு சொமக்கப் போனப்ப நான் கைக்கொழந்தையாமா" என்றார். இதைவிட நல்ல பதில் வேண்டுமா? அணை கட்டும் வேலை 1948ல் தொடங்கி 1955ல் முடிந்தது. அவர் பிறந்த காலமும் கிடைத்தது. அணை கட்டியவர்களில் ஒருவரின் குடும்பமும் கிடைத்தது.

ஆகவே எக்செல்லில் இன்னொரு ஷீட் திறந்து, உங்கள் பகுதியின் நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாக எழுதி வையுங்கள். தாது வருடப் பஞ்சம் 1876 - 78, பைக்காரா மின்சாரம் 1932, பவானிசாகர் அணை 1955 என்று தொடங்கலாம். உங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்தது, முதல் பஸ் வந்தது, மில் திறந்தது, மூடியது எல்லாவற்றையும் சேருங்கள்.

பழைய பத்திரங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருவது. கணக்கு எளிது. ஆங்கில ஆண்டில் இருந்து 1867ஐக் கழித்து, 60ஆல் வகுத்து, மீதியுடன் 1 சேர்த்தால் பிரபவ முதல் எண்ணும் வரிசையில் எத்தனையாவது ஆண்டு என்று கிடைக்கும். 1876க்கு 10 வரும். பத்தாவது ஆண்டு தாது. 1936க்கும் 10, 1996க்கும் 10. ஆகவே "தாது" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தத் தாது என்பதைத் தலைமுறையை வைத்து முடிவு செய்ய வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால், ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை உள்ள நாட்கள் முந்தைய ஆண்டில் சேரும்.

எக்செல்லில் ஒரு சிக்கலும் உண்டு. 1900 ஜனவரி 1க்கு முந்தைய தேதியை அது தேதியாக ஏற்காது. வெறும் டெக்ஸ்ட் ஆக வைத்துக்கொள்ளும். எனவே ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் காலத்தில் எண்களாகக் கொடுங்கள். சார்ட் செய்யும்போது தொல்லை இருக்காது.

மாவட்டத்தின் பெயரையும் பத்திரத்தில் உள்ளபடியே எழுதவும். காங்கேயம் பக்கத்துக் குடும்பத்தின் 1970ஆம் ஆண்டுப் பத்திரத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் என்று இருக்கும். 1979ல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு பெரியார் மாவட்டம் பிரிந்ததால் 1990ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அந்தப் பெயர் இருக்கும். 2009ல் திருப்பூர் மாவட்டம் வந்தது. ஊர் நகரவே இல்லை, மாவட்டம் மூன்றாகிவிட்டது. கரூர் 1910 வரையும், கொள்ளேகால் 1956 வரையும் கோவை மாவட்டத்தில் இருந்தவை. தேடும்போது இவை நினைவில் இருக்கட்டும்.

4. போட்டோ, பத்திரம் ஸ்கேன் செய்தல்

"பழைய போட்டோ கொண்டு வாருங்கள்" என்று அறிவித்தால் கூட்டத்திற்கு நல்ல வரவேற்பு இருக்கும். ஒரு லேப்டாப்பும் ஒரு பிளாட்பெட் ஸ்கேனரும் இருந்தால் வந்த இடத்திலேயே ஸ்கேன் செய்து, ஒரிஜினலை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். "நாளைக்குத் தருகிறேன்" என்று வாங்கி வைக்கவே கூடாது.

காகித ஆவணங்களுக்கு 300 டிபிஐ போதும். சிறிய போட்டோக்களுக்கு 600 டிபிஐ வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை 300ல் ஸ்கேன் செய்தால் சுமார் 413க்கு 531 புள்ளிகள்தான் கிடைக்கும். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 600ல் இரு பக்கமும் இரு மடங்கு கிடைக்கும். ஒரிஜினலை டிப் பார்மட்டிலும், அனுப்புவதற்கு ஜேபெக் பார்மட்டிலும் வைக்கவும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பு நிறமும் கறையும் படத்தின் வயதைச் சொல்லும்.

போட்டோவின் பின்புறத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யவும். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்து எடுங்கள். குரூப் போட்டோ என்றால் இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு அப்போதே டைப் செய்யுங்கள். அந்த முகங்களை அடையாளம் காட்டக்கூடிய கடைசி ஆள் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவராகவே இருக்கலாம்.

5. யூனிகோடில் டைப் செய்யுங்கள்

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜியன் என்று சென்று தமிழைச் சேர்க்கவும். கீபோர்டு வகையில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் இருக்கும். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம்.

பழைய கோவில் மலர், சங்க மலர் போன்றவற்றின் பைல்களைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியக்கூடும். அவை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று எழுத்துரு வைத்திருந்த காலத்தில் டைப் செய்தவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் படிக்க முடியாது. தமிழக அரசு 2010ல் யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் டைப் செய்தது எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கக் கிடைக்கும். பழைய பைல்களை எழுத்துரு மாற்றி சாப்ட்வேர் கொண்டு யூனிகோடாக மாற்றி வைக்கவும்.

பேச்சை எழுத்தாக்க, குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து வாய்ஸ் டைப்பிங்கில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கொங்குப் பேச்சில் அது அடிக்கடி தடுமாறும். ஆடியோவைக் கேட்டுத் திருத்துங்கள். திருத்தும்போது அப்பிச்சியைத் தாத்தா ஆக்கிவிட வேண்டாம். "ஏனுங்க" என்பதும் அப்படியே இருக்கட்டும். பேச்சு வழக்கும் வரலாறுதான்.

6. காகிதம் இல்லாத வீடுகள்

குடும்ப வரலாறு என்றதும் எல்லோரும் பட்டா, பத்திரம், செப்பேடு என்று தேடுகிறார்கள். நிலம் இருந்தவர்களுக்கு அது சரி. பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள், மில்லில் ஷிப்ட் பார்த்தவர்கள், பஞ்சம் பிழைக்க ஊர் மாறி வந்தவர்கள் இவர்களிடம் எந்தப் பத்திரம் இருக்கும்? பத்திரம் உள்ள வீட்டிலும் பெண்களின் பெயர் அதிகம் இருக்காது. ஐந்து தலைமுறை ஆண்களின் பெயரை வரிசையாகச் சொல்பவர், கொள்ளுப்பாட்டி பெயரைக் கேட்டால் யோசிப்பார். காகிதத்தை மட்டும் நம்பினால் ஊரில் பாதிப் பேருக்கு மேல் வரலாறே இல்லை என்று ஆகிவிடும்.

இவர்களுக்கு ஆடியோ ரெக்கார்டிங்தான் ஆவணம். எனவே கூட்டம் நடத்தும்போது மேடைப் பேச்சாளர்களை மட்டும் பதிவு செய்யாமல், பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் பத்து நிமிடம் பேசுங்கள். "எந்த மில்லுங்க? சம்பளம் எவ்வளவுங்க? சாப்பாடு யார் கொண்டு வருவாங்க?" என்று சிறிய கேள்விகளாகக் கேளுங்கள். "உங்க வரலாறைச் சொல்லுங்க" என்றால் "எங்களுக்கு என்னங்க வரலாறு?" என்றுதான் பதில் வரும்.

7. அனுமதி வாங்குங்கள்

ரெக்கார்ட் செய்யும் முன்பே "இதை யார் யார் கேட்கலாம்?" என்று கேட்டு, பதிலை எக்செல்லில் உள்ள அனுமதி காலத்தில் எழுதவும். குடும்பத்துக்கு மட்டும், ஊர்க்காரர்களுக்கு, எல்லோருக்கும் என்று மூன்று வகை போதும். சொத்துத் தகராறு, தத்து, கலப்புத் திருமணம், சாதிச் சண்டை போன்றவை பேச்சில் வந்துவிடும். சொன்னவர் "இது வெளியே போக வேண்டாம்" என்றால் அந்தப் பகுதியை வெட்டி காப்பி எடுத்துக் கொடுங்கள். பட்டா, ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன்களை வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது.

8. மூன்று காப்பி

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறு எங்கும் இல்லாத ஓலைச் சுவடிகளும் அவற்றோடு சாம்பலாயின. ஒரே ஒரு காப்பி, ஒரே ஓர் இடத்தில் இருப்பதன் ஆபத்து அது. 2005ல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து பாதுகாக்கிறது.

நம் வீட்டில் தீ வேண்டாம். ஹார்ட் டிஸ்க் பழுதானாலே போதும். எனவே மூன்று காப்பி வைக்கவும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ கூகுள் டிரைவிலோ. பென் டிரைவை நிரந்தரச் சேமிப்பாக நம்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நாள், பொங்கல் லீவில், பைல்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

இறுதியாக, பேசியவருக்கும் ஒரு காப்பி கொடுங்கள். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் பேரன் பேத்தியின் போனுக்கு அனுப்பி வையுங்கள். ஒரு கூட்டத்தில் பதிவானதை அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் போட்டுக் காட்டினால், "அது அப்படி இல்லீங்க, நான் சொல்றேன்" என்று இன்னொருவர் எழுந்து வருவார். அவரையும் பதிவு செய்யுங்கள். இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எதுவும் இல்லையென்றாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இருப்பார். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, தேதியையும் ஊரையும் சொல்லி ஆரம்பியுங்கள். இருபது நிமிடம் போதும்.